கூவத் தொடங்கிய பெட்டைக்கோழி

கல்முனை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

அன்பின் மச்சான் மசூருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் என் மனைவி, உங்கள் ராத்தா சல்மா உம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். அக்கரைப்பற்றில் நீங்களும் மாமியும் பிள்ளைகளும் நலமாயிருக்க துஆச் செய்கிறோம். நீங்கள் பெருநாளைக்குத் தந்த சிவப்புப் பெட்டைக்கோழிதான் எப்படியிருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. அது கூவத் தொடங்கிவிட்டது. சிரிக்காதீர்கள். விடியற்காலையில், சுபஹுத் தொழுகைக்கு முன் கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, சேவல் தோற்றுப்போகும்படி கூவுகிறது. கூவி முடித்துவிட்டு முட்டையும் இடுகிறது. பக்கத்து வீட்டு இஹ்ஸான், தன் கைக்குழந்தைக்குத் தூக்கமில்லை என்று மாநகர சபையில் முறைப்பாடு கொடுத்துவிட்டார். பார்க்க வந்தவர் ஹாதிக் என்ற இளம் அதிகாரி, என்னை அண்ணன் முறையில் காக்கா என்று அழைக்கும் மரியாதையான பிள்ளை.

"காக்கா, டவுனுக்குள்ள பெட்டை வளக்கலாம். சேவல் ஏலா" என்றார்.

"இது பெட்டைதான் தம்பி."

"கூவுதெண்டு சொல்றாங்களே?"

"ஓம், கூவுது."

"அப்ப சேவல்."

"முட்டையும் போடுதே தம்பி!"

அந்தப் பிள்ளை குனிந்து கோழியைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். அது அவருடைய பேனையைக் கொத்தியது. சபைக் கந்தோருக்கு போன் எடுத்தார்; கூவும் பெட்டையை எதில் சேர்ப்பது என்று அங்கும் யாருக்கும் தெரியவில்லை. தானே காதால் கேட்டுவிடுவோம் என்று மறுநாள் விடியமுன் வந்து, எங்கள் குசினி வாங்கில் உட்கார்ந்து பிளேன்டீயோடு காத்திருந்தார். கோழி அவர் முன்னால் அமைதியாக ஒரு முட்டையை இட்டது. அவர் எழும்பி வெளியே போய் வாசல் படலையைச் சாத்தினாரோ இல்லையோ, ஒரு கூவல்! திரும்பி ஓடிவந்தால் அது ஒன்றுமறியாததுபோல் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. "காக்கா, நீங்களா கூவின?" என்று என்னைக் கேட்டார், மச்சான்!

எனக்கும் யோசனை ஓயவில்லை. இந்தத் தெருவில் சேவலே இல்லாததால், அந்த வேலை சும்மா கிடக்கிறதே என்று அதற்குத் தோன்றியிருக்குமோ? இதை ராத்தாவிடம் கேட்டால், "பென்ஷன் எடுத்த ஒங்களுக்குத்தான் வேலையில்ல, அதுக்காவது ஒரு வேலை இரிக்கட்டுமே" என்கிறா. ஆனாலும் கைக்குழந்தை இருக்கும் வீட்டோடு பகைக்க மனம் வரவில்லை. கோழியைச் சாமான் அறையில், நெல் மூட்டைகளுக்கு நடுவே அடைத்துவிட்டேன். இருட்டில் அது வாயே திறப்பதில்லை. ராத்தாவும் என்னோடு கதைப்பதில்லை. உள்ளே போய் அதற்குக் கையால் சோறு ஊட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறா. ஆகவே ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஓட்டோவைக் கொண்டுவந்து கோழியை ஏற்றிப் போங்கள். பக்கத்தில் வீடில்லாத உங்கள் வளவில் அது விரும்பியபடி கூவட்டும்.

மாமிக்கு ஸலாம் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு ரப்பு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான் அபூசாலி

பி.கு.: வரவேண்டாம். கடித உறையை ஒட்டப் போகும்போது இஹ்ஸானின் மனைவி ஹாஜறா மதிலடிக்கு வந்தா. "மாமா, கோழிய எங்க வெச்சிரிக்கீங்க? வெளிய விடுங்களன். அது கூவாத நாள்லரிந்து புள்ள ஒரே அழுகை. அந்தச் சத்தம் கேட்டாத்தான் அழுகைய நிப்பாட்டிப்போட்டு என்னெண்டு பாப்பான்." பின்னால் இஹ்ஸான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பதில் சொல்லுமுன் ராத்தா சாமான் அறையைத் திறந்துவிட்டா. முறைப்பாட்டை வாபஸ் வாங்குகிறார்கள் என்று ஹாதிக்குக்கு போனில் சொன்னேன். "நல்லது காக்கா" என்றவர், "நாளைக்கு விடிய நான் ஒருக்கா வரட்டா? டியூட்டிக்கில்ல. சும்மா, கேக்கத்தான்" என்றார்.