கடன் இல்லாத குற்றம்

இருபத்து நாலு வயதுவரை நான் யாருக்கும் ஒரு காசு பாக்கி வைத்ததில்லை. அதை ஒரு நற்குணம் என்று நினைத்துத் தலையை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். (எனக்குக் கடன் கொடுக்கும் அளவுக்கு யாரும் என்னை மதித்ததில்லை என்பது வேறு விஷயம்.)

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா பக்கத்துத் தெருவில் சேலைக் கடையில் விற்பனையாளர். முப்பது வருடமாக அதே கடை. அம்மா வீட்டில் அப்பம் சுட்டு ஆபீஸ்காரர்களுக்குக் கொடுப்பார். நான் தினமும் கொமியூட்டர் ரயிலேறி போர்ட் கிள்ளானில் ஒரு சரக்கு ஏற்றுமதி ஆபீஸில் படிவம் நிரப்புகிற வேலைக்குப் போய் வந்தேன். ஒருநாள் வீட்டுக்காரர் வந்து, வீட்டை இடித்துக் கடை கட்டப் போவதாகவும் ஆறு மாதத்தில் காலி பண்ண வேண்டும் என்றும் தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பூச்சோங்கில் ஒரு பழைய பிளாட் விலைக்கு வந்தது. மூன்றாவது மாடி. அம்மாவுக்கு அதன் சமையலறை ஜன்னல் பிடித்துப்போய்விட்டது. அப்பா தன் சேமிப்பிலிருந்து முன்பணம் கட்டினார். அவருக்கு அறுபத்திரண்டு வயது, வங்கி அவருக்கு வீட்டுக் கடன் தராது. ஆகவே கடன் என் பெயரில். எனக்குச் சம்பளம் இருக்கிறது, கெட்ட பழக்கம் இல்லை, எவரிடமும் கைநீட்டியதில்லை. தராமல் என்ன செய்வார்கள்?

வங்கிக்கு அப்பாவும் கூட வந்தார். ஈஸ்டர் பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பச்சை பைல்.

வங்கி அதிகாரி ஒரு மலாய்ப் பெண். கணினியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் ரெக்கார்டு 'கோசோங்' என்றார். கோசோங் என்றால் காலி, ஒன்றுமில்லை. மலேசியாவில் பிறந்த எவருக்கும் ரொட்டிக் கடையிலேயே தெரிந்துவிடுகிற சொல். உள்ளே எதுவும் வைக்காத வெறும் ரொட்டிக்கு ரொட்டி கோசோங் என்று பெயர். நானும் அந்த ஜாதிதான் என்று அன்று தெரிந்தது.

அப்பா முகம் மலர்ந்துவிட்டது. என்னிடம் தமிழில், "கோசோங்னா நல்லதுதானே லா? போலீஸ் கேஸ் ஒண்ணும் இல்லைன்னு சொல்றாங்க" என்றார்.

அந்த அம்மா பொறுமையாக விளக்கினார். கார்டு இல்லை, தவணை இல்லை, எந்தக் கடனும் வாங்கித் திருப்பிக் கட்டியதில்லை. நான் எப்படிப்பட்டவள் என்று வங்கிக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விக்குத்தான் அப்பா பைலோடு வந்திருந்தார் போலிருக்கிறது. திறந்தார். சேலை விரித்துப் பழகிய கை. என் ஞானஸ்நானச் சான்றிதழை மேஜையில் விரித்தார். அதன்மேல் பள்ளிக்கூட நன்னடத்தைச் சான்றிதழ். அதன்மேல் தமிழ்ப்பள்ளிச் சாக்கு ஓட்டத்தில் எனக்குக் கிடைத்த மூன்றாம் பரிசு. (மூன்று பேர்தான் ஓடினோம்.) அதன்மேல் நான் ஒழுங்காக ஞாயிறு பூசைக்கு வருகிறேன் என்று பங்குச் சாமியார் எழுதிய கடிதம். ஒவ்வொன்றையும் ஓரம் நீவி விட்டு, அந்த அம்மா முகத்தைப் பார்த்து, பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் அடுத்ததை விரித்தார். அவரும் மரியாதைக்கு ஒவ்வொன்றாகப் படித்தார். பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

நான் சொன்னேன்: "மடிச்சு வைங்கப்பா. அசிங்கமா இருக்கு. வெளிய போய் உட்காருங்க."

அவர் எல்லாவற்றையும் அளவு பார்த்து அடுக்கி எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கடன் கிடைக்கவில்லை. திரும்பி நடக்கும்போது வெயிலாக இருக்கிறதே, இளநி குடிக்கிறாயா என்று மட்டும் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். அதற்குக்கூட இன்றுவரை என்னை மன்னிக்க முடியவில்லை.

புத்திசாலியான நான் அதோடு விட்டேனா? ஒரு வங்கி இல்லாவிட்டால் இன்னொன்று என்று இரண்டு வாரத்தில் ஆறு வங்கிகளில் விண்ணப்பம் போட்டேன். ஒவ்வொரு முறையும் ஆபீஸில் பல்வலி என்று லீவு. (முதலாளி மனமிரங்கித் தன் பல் டாக்டரின் கார்டையே கொடுத்தார்.) ஆறாவது வங்கியில் இருந்த வயதான சீன அதிகாரி திரையை என் பக்கம் திருப்பினார். காலியாக இருந்த என் ரெக்கார்டில் இப்போது ஒரே ஒரு விஷயம் இருந்தது: இந்தப் பெண் எல்லாரிடமும் கடன் கேட்டிருக்கிறாள். இப்படி அலைகிறவளைப் பார்த்தால் எந்த வங்கிக்கும் பயமாகத்தானே இருக்கும் என்றார்.

பிளாட் வேறு யாருக்கோ போனது. முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. கிள்ளானில் இரண்டறை வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். சமையலறையில் ஜன்னலே கிடையாது. அம்மா பகலிலும் லைட்டைப் போட்டுக்கொண்டு அப்பம் சுட்டார்.

அன்று நான் கிளம்பும்போது அந்தச் சீன அங்கிள் சொல்லித்தந்தபடிதான் பிறகு செய்தேன். வங்கியில் கொஞ்சம் பணத்தை ஈடாகப் போட்டு, அதற்கு ஒரு சிறிய கிரெடிட் கார்டு. மாத மளிகை மட்டும் அதில். பில் வந்ததும் முழுத்தொகையும் கட்டிவிட வேண்டும். இதில் என்னைவிட அப்பா தீவிரம். கெடு நாளுக்கு மூன்று நாள் முன்பே கடையிலிருந்து மதியம் போன் வரும். "ஜெசி, கட்டிட்டியா?" அவ்வளவுதான், வைத்துவிடுவார். பையில் பணம் இருந்தாலும் அரிசிக்குக் கார்டைத்தான் நீட்டச் சொல்வார்.

பதினெட்டு மாதம் இப்படிப் போனது. ஒரு சனிக்கிழமை மதியம் கடையில் ஒரு கல்யாணக் கூட்டத்துக்குச் சேலை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாரடைப்பு. நான் போர்ட் கிள்ளானிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் பில்லுக்குக் கெடு. கூடத்தில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறையில் நின்று போனில் பணத்தைக் கட்டினேன். அதைப் பார்த்த அத்தை, அப்பன் செத்த வீட்டில் இவளுக்கு போன் கேட்கிறது என்று சொந்தத்தில் எல்லாரிடமும் சொன்னார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்னும் ஒன்றரை வருடம் கழித்துப் பூச்சோங்கிலேயே வேறொரு பிளாட் வந்தது. கிள்ளானில் ஒரு வங்கிக்குப் போனேன். தமிழ்ப் பையன், என்னைவிட இளையவன். திரையைப் பார்த்துவிட்டு, "அக்கா, ரெக்கார்டு ரொம்ப சுத்தமா இருக்கு, ஒரு மாசம்கூட லேட் இல்லை" என்றான். வட்டி விவரத்தை அச்செடுத்து என் முன்னால் வைத்தான். பிறகு படிவத்தை நிரப்பிக்கொண்டே, வீட்டில் எத்தனை பேர் இருக்கப்போகிறீர்கள் என்று கேட்டான்.

"மூணு" என்றேன்.

அவன் எழுதிக்கொண்டான். "இல்ல தம்பி, ரெண்டு பேர்" என்றேன். அவன் அடித்துத் திருத்தினான். அப்போதுதான் அழுகை வந்தது. சாதாரண அழுகை இல்லை. மூக்கு ஒழுகி, தோள் குலுங்கி, பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து பார்க்கிற அழுகை. அடக்கத்தன்றுகூட நான் அப்படி அழவில்லை.

பையன் அரண்டுபோனான். டிஷ்யூ பெட்டியைத் தள்ளிவிட்டு, "வட்டி அதிகமா இருக்காக்கா?" என்று கேட்டான். பேச முடியாமல் தலையை ஆட்டினேன். இல்லை என்றுதான் ஆட்டினேன். அவனுக்கு அது ஆமாம் என்று தெரிந்திருக்கிறது. எழுந்து மேனேஜர் அறைக்கு ஓடினான். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, கால் சதவீதம் குறைத்து வாங்கியிருப்பதாகவும் தயவுசெய்து அழுகையை நிறுத்தும்படியும் கேட்டுக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வட்டி குறைந்த கதையை மட்டும் சொன்னேன். அம்மா சிரித்தார். அப்பா போன பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். அதனால் மீதியைச் சொல்லவில்லை.

இப்போது பூச்சோங் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா இந்தக் கதையைச் சொல்லாமல் தேநீர் கொடுப்பதில்லை. மற்றவர்கள் பேரம் பேசி வட்டியைக் குறைப்பார்கள், என் மகள் அழுதே குறைத்தாள் என்று தொடங்குவார். ஒவ்வொரு வருடமும் அதில் கால் சதவீதம் அரை சதவீதமாகி, இந்தக் கிறிஸ்மஸுக்கு ஒன்றைத் தொட்டுவிட்டது. மாமா பிள்ளைகள் கார் லோனுக்குப் போகும்போது, அக்கா நீங்களும் கூட வந்து கொஞ்சம் அழுங்க என்று போன் பண்ணுகிறார்கள். எல்லாரும் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். அன்று அழுததற்கு ஆள் எண்ணிக்கை தவறிப்போனதுதான் காரணம் என்று அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.