கேட்டை விட்டு நகராத புள்ளி

விருதுநகரில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பது கடவுளுக்குத் தெரியும்; அவருக்கும் முன்னால் எங்கள் தெரு ‘லொக்கேஷ’னுக்குத் தெரியும். அது ஒரு நாளிதழ் நிருபருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர். ஊர்ப் பெயர் போட்டு யார் என்ன படம் பதிந்தாலும் அந்த இடத்தைக் கைப்பேசி வரைபடத்தில் பிடித்துவிடுவார். சர்க்கரை நோயாளியான நான் அல்வாக் கடையில் நின்றதை என் மனைவிக்கு அறிவித்த ஊடகமும் அவர்தான்.

ஒருமுறை ‘ஆலங்குளத்தில் பெருந்தீ’ என்ற படத்தைப் பார்த்து மோட்டார் சைக்கிளில் பறந்தார். அங்கே ஆடு மேய்த்தவர் ஏற இறங்கப் பார்த்தார்.

“அது போன வருசம்ல எரிஞ்சிச்சு! இம்புட்டு லேட்டாவா வருவீக?”

தாலுகா ஆபீசில் மனு பார்த்தே ஓய்வு பெற்ற நான் விதியைச் சொன்னேன். “படமும் மனு மாதிரிதான்வே. நேர்ல விசாரிக்காமக் கையெழுத்துப் போடக்கூடாது.”

பிறகு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. நடந்தது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இறந்தோர் பட்டியலில் அங்கே வேலை பார்த்த செல்வியின் பெயர் இல்லை. அவள் அன்று லீவு என்றது நிர்வாகம். திருத்தங்கல் அச்சகத்தில் வேலை பார்க்கும் அவள் கணவன் ஆலை வாசலில் கைப்பேசியோடு நின்றான். தினமும் சாயங்காலம் ஆலை வேன் எங்கே வருகிறது என்று அவன் பார்ப்பதற்காக, அவள் தன் இருப்பிடத்தைப் பகிர்ந்து வைத்திருந்தாள். அவன் கைப்பேசி வரைபடத்தில் அவள் புள்ளி ஆலைக் கேட்டிலேயே நின்றது. தீப்பொறிக்குப் பயந்து எல்லோரும் கைப்பேசியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

“அண்ணே, அவ போன்ல சார்ஜ் நாலு பர்சென்ட்தான் காட்டுது. அணைஞ்சுட்டா அவ வரவே இல்லன்னு சாதிச்சிருவாக.”

நிருபர் அந்தப் புள்ளியை மட்டும் நம்பவில்லை. விசாரணைக்கு வந்திருந்த தாசில்தாரைக் கையோடு அழைத்துவந்து காவலாளி முன் நிறுத்தினார்.

“இப்பக் கூப்பிடு தம்பி.”

காவலாளியின் தகரப் பெட்டிக்குள் மணி அடித்தது. அவரே பெட்டியைத் திறந்து போனை எடுத்து நீட்டினார்.

“காலையில எங்கிட்டதான் குடுத்துட்டுப் போச்சு. சொல்லக் கூடாதுன்னாக, ஐயா.”

இடிபாட்டை மறுபடி கிளறினார்கள். பட்டியலில் ஒரு பெயர் கூடியது.

அந்த வரைபடப் படத்தை நாளிதழில் போடலாமா என்று நிருபர் கணவனிடம் கேட்டார். “வேண்டாம்ணே” என்றான். போடவில்லை. அதற்காக அலுவலகத்தில் திட்டும் வாங்கினார். என் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

“பேரைத்தான் ஏத்த முடிஞ்சுது, அண்ணாச்சி.”

தண்ணீர் கொடுத்தேன்.

இப்போதும் எங்காவது ஆலை வெடித்தால் முதலில் ஓடுகிறவர் அவர்தான். அவர் திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை.