சிவப்புச் சீட்டுக்கு மேலே தங்கச் சீட்டு

“எங்க மாமா அந்தரத்துல நிக்கிறார் செர்வா! ஏதாவது பண்ணு!”

சாவு வீட்டிலிருந்து போனில் கத்தியவர் மேலாளர் ஒபெங். சவப்பெட்டியைத் தோளில் வைத்து ஆடுகிறவர்கள் அதை மேலே தூக்கிய நேரம் பார்த்து நேரலைப் படம் உறைந்துவிட்டது. லண்டனில் இருந்த சொந்தபந்தமெல்லாம் இறங்காத பெட்டியைப் பார்த்தபடி, அழுகையைப் பாதியில் நிறுத்தி வைத்திருந்தது.

சனிக்கிழமை என்றால் கானாவின் குமாசியில் ஊரே கறுப்பும் சிவப்பும் கட்டிக்கொண்டு சாவு வீட்டுக்குப் போகும். கடல் தாண்டிப் போனவர்களுக்கு அத்தனை சாவும் செர்வா வேலை பார்க்கும் இன்டர்நெட் கம்பெனியின் கம்பி வழியாகத்தான் போய்ச் சேரவேண்டும்.

ஆனால் அவள் கவலை வேறு. மத்தியானம் மின்வாரியத்திலிருந்து அல்ஹாஜி ஃபுசெய்னி வருகிறார். வடக்கே தமாலேக்காரர். வெள்ளி தொழுகை நாள், சனிக்கிழமை ஊர் அமைதியாக இருக்கும் என்று அவரே நாள் குறித்துவிட்டார். ஒரு மின்நிலையத்தில் கோளாறு என்றால் அடுத்த நிலையத்துக்குச் சேதி கண் இமைக்குமுன் போகவேண்டும். தாமதித்தால் டிரான்ஸ்ஃபார்மர் கருகும். அதற்குச் செர்வா ஒரு வழி செய்திருந்தாள். இன்றைய சோதனை தேறினால் அவள் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் பழையபடி சந்தையில் ரீசார்ஜ் கார்டு விற்கவேண்டியதுதான்.

வழி எளிதுதான். சேதியெல்லாம் சின்னச் சின்ன மூட்டையாகப் போகும். சந்திக்குச் சந்தி ஒரு பெட்டி உட்கார்ந்து ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்து, விலாசம் படித்து, கட்டி அனுப்பும். செர்வாவின் ஏற்பாட்டில், அனுப்புகிறவர் வீட்டுப் பெட்டியே மூட்டையின் தலையில் ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டிவிடும். சீட்டைக் கண்டால் சந்தியில் யாரும் அவிழ்க்கமாட்டார்கள். தனியாக ஒதுக்கிய வழியில் தள்ளிவிடுவார்கள். போலீஸ் தடுப்பில் மந்திரி கார் போகிற மாதிரி. ஒருத்தருக்கென்று போட்ட வழி, அதனால் குறுகல்.

“சார், அந்தச் சீட்டு மின்வாரியத்துக்குன்னு வச்சது…”

“என் மாமா இன்னொரு தடவை சாவாரா? கொடு ஒண்ணு!”

கொடுத்தாள். சவப்பெட்டி அந்தரத்திலிருந்து இறங்கியது. லண்டன் அழத் தொடங்கியது.

கணக்குப் பிரிவு அப்ரஃபி அக்கா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏண்டி, மேனேஜர் மாமாதான் மனுஷன், எங்க சின்னம்மா என்ன கோழியா?”

“அக்கா, அப்படிச் சொல்லலையே.”

“அப்புறம்? ஹாம்பர்க்ல என் தம்பி போனையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கான்.”

சாவு வீட்டுக்கு இல்லை என்று சொன்ன ஆள் குமாசியில் இன்னும் பிறக்கவில்லை. அப்ரஃபிக்குக் கொடுத்தது வாசல் காவலாளிக்குத் தெரிந்தது. அவன் சொல்லி ஒலிபெருக்கிக்காரனுக்குத் தெரிந்தது. அதற்குமேல் யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை. சுட்ட வாழைக்காயும் வேர்க்கடலையும் தொடாமல் ஆறிப்போக, செர்வா சீட்டு கொடுத்துக்கொண்டே இருந்தாள். சாதாரண வழி காலியாகக் கிடந்தது; அதில் போக ஊரில் ஒரு பிணம் மிச்சமில்லை. குறுகல் வழியிலோ முட்டி மோதல்.

மாமா மறுபடி அந்தரத்தில் நின்றார்.

செர்வா ஒரு யோசனை செய்தாள். சிவப்புக்கு மேலே ஒரு தங்கச் சீட்டு, மின்வாரியத்துக்கு மட்டும். அது வந்தால் சிவப்பெல்லாம் ஒதுங்கவேண்டும். சீட்டின் விவரத்தை வாரியத்துக்கு அனுப்பிவிட்டு அவள் திரும்புவதற்குள் ஒபெங் போனில் வந்துவிட்டார்.

“தங்கம்னு ஒண்ணு இருக்காமே? எங்க மாமா ராஜா சபையில கோல் பிடிச்சவர். அவர் தலையில சிவப்பா?”

“சார், அது கரண்டுக்கு…”

“கரண்டு எந்தச் சபையில கோல் பிடிச்சுச்சு?”

மாமாவுக்குத் தங்கம் போனது. பின்னாலேயே அப்ரஃபி வந்தாள். “எங்க சின்னம்மா ராணியம்மாவுக்கே தலை பின்னினவ, தெரியும்ல?” பெரும்படை அவள் பின்னால் நின்றது. சாயங்காலத்துக்குள் எல்லாப் பிணமும் தங்கமாகிவிடும் போலிருந்தது.

அவசரத்தில் செர்வா ஒரு தப்பு செய்தாள். ஒபெங் மாமாவுக்குக் கொடுத்த தங்கச் சீட்டின் எண்ணையே அப்ரஃபியின் சின்னம்மாவுக்கும் கொடுத்துவிட்டாள். சந்திப் பெட்டிகளுக்குச் சீட்டுதான் கண். உள்ளே கிடப்பது ஆணா பெண்ணா என்று அவை பார்ப்பதில்லை.

“செர்வா!” ஒபெங் மறுபடி போனில் கத்தினார். “எங்க மாமாவுக்கு யார் கம்மல் போட்டது? லண்டன்ல கேக்குறாங்க!”

அதற்குள் அப்ரஃபி போனைக் காதில் வைத்தபடி ஓடிவந்தாள். “ஹாம்பர்க்ல எல்லாரும் ஒரு மீசைக்காரன் போட்டோவைப் பார்த்து அழுதுக்கிட்டு இருக்காங்கடி! நிறுத்தச் சொன்னா, இவ்வளவு நேரம் அழுததை என்ன பண்றதுன்னு தம்பி சண்டைக்கு வர்றான்!”

எண்ணை மாற்றிக்கொண்டிருக்கும்போதே வெள்ளை அங்கியும் தொப்பியுமாக அல்ஹாஜி உள்ளே வந்தார். பின்னாலேயே ஒபெங்கும், துக்கத் துணியோடு, வாரியத்து ஆள் வருகிறார் என்று காரில் பறந்து வந்திருந்தார்.

“உங்க ஊர் சனிக்கிழமை அமைதின்னு நினைச்சேன் மகளே. வழியெல்லாம் மேளம்,” என்றார் அல்ஹாஜி.

செர்வா திரையைப் பார்த்தாள். குறுகல் வழி வீங்கிக் கிடந்தது. ‘போச்சு, ரீசார்ஜ் கார்டுதான்’ என்று நினைத்துக்கொண்டாள்.

அல்ஹாஜி போனில் மின்நிலையத்துக்காரனிடம், “அனுப்பு” என்றார்.

செர்வா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

“வந்துருச்சு!” என்று அடுத்த நிலையத்திலிருந்து இன்னொரு போனில் ஒருத்தன் கத்தினான். “நீங்க வாயை மூடுறதுக்குள்ள விளக்கு எரிஞ்சுருச்சு!”

நம்பாமல் திரும்ப அனுப்பச் சொன்னார். திரும்பவும் எரிந்தது. அல்ஹாஜி சிரித்துக்கொண்டே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். ஒபெங் செர்வாவின் தோளைத் தட்டி, “இனிமே இந்தப் பொண்ணு நிரந்தரம்!” என்று அறிவித்தார்.

செர்வாவுக்கு உயிர் திரும்பி வந்தது. இவ்வளவு நெரிசலிலும் ஜெயித்துவிட்டதே!

“பார்த்தீங்களா அல்ஹாஜி,” என்று ஒபெங் மார்பை நிமிர்த்தினார், “எங்க தங்கச் சீட்டோட வேகத்தை?”

“சீட்டா?” என்றார் அல்ஹாஜி. “அதை ஒட்டுற பெட்டி இன்னும் தமாலேயிலேயே கிடக்கு, இன்னைக்கு உங்க சாதாரண ரோட்டுலதான் வெறுமனே அனுப்பினோம் — அதுக்கே இந்த வேகம்னா, சீட்டு ஒட்டினா எப்படிப் பறக்கும்!”