வட்டையக்காவின் வருமானம்

வரி என்ற சொல் காதில் விழுந்ததும் உலகத்தில் உள்ள அத்தனை பேரும் ஒரே நிமிடத்தில் ஏழையாகிவிடுவார்கள். மாடி வீட்டுக்காரர் மகளின் வீட்டில் ஒண்டியிருப்பதாகச் சொல்வார். சந்தியில் கடை வைத்திருப்பவர் கடை கடனில் ஓடுவதாகத் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணுவார். வரி என்றதும் திடீரென்று பணக்காரியாகிவிடுகிற ஒரே ஒரு பிறவியைத்தான் நான் பார்த்திருக்கிறேன். தன்னாமுனையில் எனக்கு முன்னறையை வாடகைக்குத் தந்த வட்டையக்காதான் அவர்.

நான் திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக் கச்சேரிக்கு, அதாவது அரச செயலகத்துக்கு, மாற்றலாகி வந்த புதிது. அக்காவின் சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. உன்னிச்சைப் பக்கம் அவருக்குத் தாய் கொடுத்த வயல் இருந்தது. அங்கே வயல்வெளியை வட்டை என்பார்கள். அக்கா வாய் திறந்தால் இரண்டாவது சொல் வட்டையாகத்தான் இருக்கும். "வட்டைக்குப் போட்டு வாறன்", "வட்டையில யானை வந்திட்டு", "இது வட்டைக் காசில எடுத்த சாறி". தபால்காரர்கூட வாசலில் நின்று "வட்டையக்கா!" என்றுதான் கூப்பிடுவார்.

அவருடைய புருஷன் கனடாவில் ஒரு கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. ஏன் நீங்களும் போகவில்லை என்று வந்த முதல் வாரமே தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். மட்டக்களப்பில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வர வேண்டும். வீடு பெண்ணுக்கு, வீட்டைச் சுற்றிய வளவு பெண்ணுக்கு, பல வீடுகளில் வயலும் பெண்ணுக்கு. இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

"அவர்தான் என்ட வீட்ட வந்து இரிக்கணும் மனே. நான் என்னத்துக்கு அவர்ர வீட்ட போற? ஊர் சிரிக்காதா?"

"அக்கா, அது கனடா..."

"கனடாவெண்டா என்ன? அங்க அவர் இரிக்கிறது வாடகை அறையில."

அந்த அண்ணன் விசா வேலைகளைக் கைவிட்டு வருசக்கணக்காகியிருந்தது.

சிக்கல் எல்லாம் பங்குனி மாதத்தில் தொடங்கும். கனடாவில் அதுதான் வரிக்கணக்குக் கொடுக்கும் காலம். மனைவி எந்த நாட்டில் இருந்தாலும் அவருடைய வருட வருமானத்தைக் கணவனின் படிவத்தில் காட்ட வேண்டுமாம். செலவு போக மனைவிக்குப் பெரிதாக வருமானம் இல்லை, கணவன்தான் அவரைப் பராமரிக்கிறார் என்றால், கணவனுக்கு வரியில் சலுகை உண்டு. சம்பளத்தில் பிடித்த காசில் ஒரு பங்கு திரும்பி வரும். வேறு யாராக இருந்தாலும் இந்தச் செய்தியைக் கேட்டுப் பாற்சோறு பொங்கியிருப்பார்கள்.

அண்ணனின் படிவத்தை நிரப்புகிறவர் கனடாவில் இருந்த ஒரு யாழ்ப்பாணத்துப் பெடியன். நாங்கள் அவரை டெக்ஸ் தம்பி என்போம். தங்கமான பிள்ளை. முதல் வருடம் அவர் அண்ணனையும் சேர்த்து வீடியோவில் கூப்பிட்டார். அக்கா போனை ஊறுகாய்ப் போத்தலில் சாய்த்து வைத்து, சாறி மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, உங்கட வருசத்து வருமானம் எவ்வளவு எண்டு சொல்லுங்கோ."

"எழுதுங்க தம்பி. மாரி வெள்ளாமை ஒண்டு, கோடை வெள்ளாமை ஒண்டு. வளவு நிறையத் தென்னை. பட்டியில மாடு. எருமைத் தயிர் அது தனி. முன்னறையில கச்சேரி உத்தியோகத்தர் ஒருவர் வாடகைக்கு இரிக்கார். இந்தா, இவர்தான்."

போன் என் பக்கம் திரும்பியது. பாதி முகம் மழித்து, மீதி முகம் சவர்க்கார நுரையோடு நின்ற நான், அக்காவின் சொத்துகளில் ஒன்றாகக் கனடாவுக்குக் கையசைத்தேன்.

"சரி அக்கா. இனிச் செலவுகளைச் சொல்லுங்கோ."

"என்ன செலவு?"

"பசளை, கூலி, உழவு மிசின்... அதுகளைக் கழிச்சுத்தானே கணக்கு."

"அதெல்லாம் வட்டை பார்த்துக்கொள்ளும்."

திரையின் மூலையிலிருந்து அண்ணனின் குரல் மெல்லக் கெஞ்சியது. "புள்ள, உள்ளதை உள்ளபடி கழிச்சுச் சொல்லுகா."

"எங்கட குடியில ஆரும் கழிச்சுக் கதைச்சதில்ல மச்சான்!"

டெக்ஸ் தம்பி பேச்சை மாற்றுவதாக நினைத்து அடுத்த கேள்வியைக் கேட்டார். அந்த நேரம் நான் அவர் பக்கத்தில் இருந்திருந்தால் வாயைப் பொத்தியிருப்பேன்.

"அண்ணைதானே அக்கா உங்களைப் பராமரிக்கிறவர்?"

கூரையில் இருந்த காகம்கூட எழும்பிப் போனது.

"ஆரு ஆரை? தம்பி, அவர் இந்த வீட்டுக்கு வரக்குள்ள ஒரு பெட்டியும் ரெண்டு சேட்டும்தான் கொண்டு வந்தவர். அந்தப் பெட்டியும் இரவல் பெட்டி. பேய் மாதிரி மெலிஞ்சு வந்த மனுசனைச் சோறு போட்டு ஆளாக்கினது நான். பராமரிப்பு எண்டா என் பேரை எழுதுங்க!"

அந்த வருடம் அண்ணனுக்கு ஒரு சதமும் திரும்பி வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. "அண்ணை, அக்கா இவ்வளவு உழைக்கிறா எண்டா நீங்கள் ஏன் இஞ்ச கோழி வெட்டிக்கொண்டு நிக்கிறீங்கள்?" என்று டெக்ஸ் தம்பி கேட்டதாக அண்ணனே எனக்குச் சொல்லிச் சிரித்தார்.

அண்ணன் மாதம் தவறாமல் காசு அனுப்புவார். அதை அக்கா "அவர்ர பங்கு" என்பார். தன் பங்குக்கு இறால் கருவாடு, அரிசிமா, வறுத்து இடித்த மிளகாய்த்தூள் எல்லாம் கட்டிக் கனடாவுக்குப் பார்சல் போடுவார். பார்சல் கடை கொடுத்த ரசீதுத் துண்டைப் பத்திரமாக வைத்திருந்து பங்குனியில் கமராவுக்கு முன்னால் பிடிப்பார்.

"தம்பி, நான்தான் இவரைப் பராமரிக்கிறன் எண்டதுக்கு இந்தா அத்தாட்சி."

"அக்கா, கருவாட்டுக்குப் படிவத்தில இடம் இல்லை."

"கருவாட்டுக்கு இடமில்லாட்டி மறுகா என்ன படிவம் அது?"

இதற்கிடையில் நம் நாட்டிலும் எல்லாரும் வரி இலக்கம் எடுக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். ஊரில் பாதிப் பேர் காய்ச்சல் என்று படுத்துவிட்டார்கள். அக்கா என்னை லீவு போடவைத்து, குடையும் வயல் உறுதிப் பத்திரமும் எடுத்துக்கொண்டு டவுனுக்குப் புறப்பட்டார். அங்கே இருந்த அதிகாரி மகள் வயதுப் பெண், பொறுமையானவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மா, இலக்கம் தாறன். ஆனா நீங்க வரி கட்டத் தேவையில்ல" என்றார்.

"ஏன் மகள்? நான் என்ன குற்றம் செய்த?"

"குற்றம் இல்லம்மா. வரி கட்டுற அளவுக்கு உங்களுக்கு வருமானம் காணாது."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். சபையில் வைத்து யாரோ தாலியைப் பித்தளை என்று சொன்னது போல இருந்தது அந்தப் பார்வை. "ஏதோ ஒள்ளமாவது, கொஞ்சமாவது வாங்குங்க மகள்," என்றார். "வரி கட்ட வந்த ஆள் வெறுங்கையோட திரும்பிப் போகேலா." அந்தப் பிள்ளை கடைசியில் தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு கதலிப் பழத்தைக் கொடுத்துத்தான் எங்களை அனுப்பிவைத்தார். வரி இலக்கக் கடிதம் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதை வாசித்து முடிக்கும் வரை தேத்தண்ணி வராது.

பிறகுதான் அந்த மாரி வந்தது. விடாமல் பெய்து குளம் நிரம்பி அதன் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள். நெல் பூத்து நின்ற நேரம். அக்காவின் வட்டை எது, ஆறு எது என்று தெரியாமல் வெள்ளம் நின்றது. முழங்கால் வரை சேறோடு திரும்பி வந்தவர் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "இந்த முறை விளைச்சல் ஒள்ளம் குறைவு."

பங்குனி பிறந்ததும் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் ஊருக்கு வந்து ஆறேழு வருடம் ஆகியிருந்தது. வைகாசியில் கண்ணகியம்மன் கோயில் சடங்குக்கு வர ஆசைப்பட்டார். தொழிற்சாலையில் லீவு கிடைத்துவிட்டது. டிக்கெட்டுக்குத்தான் கையில் ஒன்றுமில்லை. வரிக்காசு திரும்பி வந்தால் போதும்.

"தம்பி, அவள் செலவைக் கழிச்சு உண்மையைச் சொன்னா நான் வருவன். வழமை போல வட்டையை விளையவெச்சா அடுத்த வருசம்தான். எனக்கும் வயசு போகுது தம்பி. நீ ஒருக்காச் சொல்லிப் பார்."

நான் சொல்லிப் பார்த்தேன்.

"என்ட வட்டை நட்டமெண்டு கனடாவில எழுதி வெக்கிறதா? அவர்ர அக்காமார் அங்கதானே இரிக்காங்க! நாளைக்கு ஊரெல்லாம் கதை வரும். கைபிடிச்சவன் காசிலதான் இவள் சோறு திண்ட எண்டு!" அன்று முழுவதும் குசினியில் பாத்திரங்கள் கத்தின. எனக்குக் கிடைத்த தேத்தண்ணியில் சீனியே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊறுகாய்ப் போத்தலுக்கு முன்னால் உட்கார்ந்தபோது அக்கா சாறி மாற்றவில்லை. திரையில் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"சொல்லுங்கோ அக்கா," என்றார் டெக்ஸ் தம்பி, பயந்து பயந்து.

"எழுதுங்க தம்பி. மாரி வெள்ளாமை..."

நின்றுவிட்டார். வெளியே கோழி ஒன்று கேறிக்கொண்டிருந்தது. அக்கா தொண்டையைச் செருமினார்.

"உழவு மிசினுக்குக் கொடுத்ததை எழுதுங்க."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாக வந்தது. பசளை, விதைநெல், கிருமிநாசினி, வரம்பு கட்டின கூலி, மாட்டுக்கு வாங்கின மருந்து. சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கியது. நான் கொடுத்த வாடகையும் அந்த நட்டக் கணக்கில் கரைந்துபோனது. பாதியில் சிக்னல் போய்ப் படம் உறைந்து நின்றது. டெக்ஸ் தம்பியின் வாய் திறந்தபடி இருந்தது, அண்ணனின் தலை மட்டும் தெரிந்தது. லைன் போய்விட்டது என்று நினைத்து அக்கா என் பக்கம் திரும்பினார்.

"ஒண்டுமில்ல எண்டு எழுதச் சொல்லு மனே. அவர் இல்லாத வீட்டில எனக்கு என்ன வருமானம்? வட்டை வட்டையெண்டு நான் ஓடித் திரியிறதே, வீட்ட வந்தாக் கதைக்க ஆளில்லாமத்தானே."

போத்தல் பக்கமிருந்து மூக்குறிஞ்சும் சத்தம் வந்தது.

"புள்ள," என்றது அண்ணனின் குரல், "கேக்குது."

அக்காவின் முகம் போன போக்கைச் சொல்ல எனக்குத் தமிழ் போதாது. "கேக்குதெண்டா முதலே சொல்லுறதுக்கு என்ன உங்களுக்கு? டெக்ஸ் தம்பி! இப்ப சொன்னதை எழுதிராதீங்க!"

"எழுதேல்லை அக்கா," என்றார் டெக்ஸ் தம்பி.

வரிக்காசு திரும்பி வந்தது. வைகாசியில், சடங்குக்குக் கோயில் கதவு திறக்கும் நாளுக்கு முதல் நாள் காலை, அக்காவோடு நானும் மட்டக்களப்பு ரயில் நிலையத்தில் நின்றேன். விடியவே எழும்பி என்னைத் தட்டி எழுப்பிக் கூட்டிவந்திருந்தார். ரயில் வருவதற்குள் என்னிடம் நேரத்தை எத்தனை தரம் கேட்டார் என்று எனக்கே நினைவில்லை. அண்ணன் இறங்கினார். படத்தில் பார்த்ததைவிட மெலிந்து, முன்தலை வழுக்கையாகி, கையில் ஒரு பையோடு வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார்.

அக்கா அவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார்.

"இதுக்கா மச்சான் நான் ஏழையானன்?" என்றார்.

பிறகு அந்தப் பையைப் பறித்து என் கையில் திணித்துவிட்டு, அவ்வளவு சனத்துக்கு நடுவில் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். நான் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன். அந்த மனுசியில் எனக்கு இவ்வளவு பாசம் இருப்பது அதுவரை எனக்கே தெரியாது.