சாம்பிராணிப் புகையைத் தீ என்று எண்ணாத கேமரா

மயிலாப்பூர்,
செவ்வாய் இரவு, மணி பன்னிரண்டே கால்

அன்புள்ள பாலு அண்ணாவுக்கு,

அனுப்ரியா எழுதுவது. இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பெரியம்மா, அண்ணி, குழந்தைகள் எல்லோரும் சுகம்தானே? வேளச்சேரியில் உன் வாசல் தண்ணீர் வடிந்ததா? இங்கே பாப்பா சுகம். ராகேஷும் சுகம், அவர் குறட்டையைத்தான் உன் கேமரா 'சந்தேகத்துக்குரிய ஒலி' என்று இப்போது எனக்கு அனுப்பியிருக்கிறது.

பாப்பாவைக் கவனிக்க, நீ எழுதிய மென்பொருளோடு கேமராவை மாட்டிவிட்டு, "ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டு, இன்னும் என்னென்ன வசதி வேணும்னு எழுது" என்றாய். இரண்டு நாள்தான் ஆகிறது, அதற்குமேல் தாங்கவில்லை. முதலில் அது ஆள் அடையாளம் கற்றுக்கொள்ள வேண்டும். ராகேஷ் மீசையை எடுத்தார், 'அந்நியர் நுழைந்தார்' என்றது. அதை விடு, எனக்கே அப்படித்தான் இருந்தது. பாப்பாவின் திருஷ்டிப் பொட்டை வலது கன்னத்திலிருந்து இடது கன்னத்துக்கு மாற்றினேன், 'புதிய குழந்தை' என்கிறது. பல்லி ஓடினால் செய்தி, திரைச்சீலை ஆடினால் செய்தி. ஒன்பது மாத லீவு முடிந்து நேற்றுதான் அடையாறு ஆபீசுக்குத் திரும்பினேன், ஒவ்வொரு செய்திக்கும் போனைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடுகிறேன், மேனேஜர் ஸ்வர்ணலதா மேடம் என் மேஜையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வைத்துவிட்டுப் போகிறார்.

இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு 'தீ! உடனே வெளியேறவும்' என்று வந்தது. மீட்டிங்கை அப்படியே விட்டு ஆட்டோவில் ஏறி, வழியிலேயே வாட்ச்மேன் கபாலிக்குப் போன் போட்டேன். வந்து பார்த்தால் தீயெல்லாம் இல்லை. பாப்பாவைப் பார்த்துக்கொள்ள வருகிற சண்முகவடிவு அக்கா, தலைக்குக் குளிப்பாட்டி சாம்பிராணி காட்டியிருக்கிறார். சைரன் அலறுகிறது, கபாலி ஊற்றிய ஒரு பக்கெட் தண்ணீரில் பாதி தணலில், பாதி அக்கா தலையில். நானோ அக்காவை ஒரு வார்த்தை கேட்காமல் பாப்பாவைப் பிடுங்கி, கை கால் எல்லாம் புரட்டிப் பார்த்தேன். அதுதான் தப்பு.

"இன்னாம்மா பாக்குற? எண்ணிக்கோ, விரலு பத்தும் கீதா பாரு. நாளைலேந்து அந்தக் கேமராவே உன் புள்ளைய குளிப்பாட்டட்டும்" என்று ஈரப் புடவையோடு ஆதம்பாக்கத்துக்குப் பஸ் ஏறிவிட்டார். போன் எடுக்கவில்லை. நாளை அவர் வராவிட்டால் என் வேலை அவ்வளவுதான் அண்ணா, மேடம் சொல்லியேவிட்டார். ஆகவே சாம்பிராணி எது, தீ எது என்று உன் கேமராவுக்குத் தெரிய வேண்டும். நான் தலைதெறிக்க ஓடிவரும்போது, 'முதலில் அக்காவிடம் பேசு' என்று சொல்லவும் ஒரு வசதி வேண்டும். இரு, பாப்பா அசைகிறாள்.

இல்லை, பல்லி.

பெரியம்மாவுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு முத்தம்.

உன் தங்கை,
அனுப்ரியா

பி.கு.: அக்கா எட்டரைக்கே குரல்செய்தி அனுப்பியிருக்கிறார், நாற்பத்தொரு பல்லிச் செய்திகளுக்கு அடியில் கிடந்தது. "காலைல வரேன்மா. கோவத்துல ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். பத்தரைக்கு பாப்பா கட்டில் கால புடிச்சிக்கினு தானா எய்ந்து நின்னுச்சு. கேமரால பாத்திருப்பியே."

தேடினேன். பத்தரைக்கு நேராக, 'குறிப்பிடும்படி எதுவும் இல்லை'. என் போனில் படமும் சேமிக்கவில்லை. மேலே கேட்ட ஒரு வசதியும் வேண்டாம் அண்ணா. எல்லாம் உன் சர்வரில் ஒரு நாள் மட்டும் இருக்கும் என்றாயே, காலை பத்தரைக்குள் அதை மட்டும் எடுத்துக்கொடு. சீக்கிரம் பதில் போடு.