சகலை பார்த்த வெனிஸ், நான் விழுந்த வெனிஸ்

பொறாமை நல்ல குணமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அதை எனக்கு எடுத்துச் சொல்ல வருகிறவர்கள் முதலில் கிள்ளானுக்குப் போய், என் சகலை கதிர்வேலுவோடு ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். அதற்குப் பிறகும் சொல்ல மனம் வந்தால் கேட்டுக்கொள்கிறேன்.

கதிர்வேலு என் மனைவி தையல்நாயகியின் அக்காள் நாகம்மாளுடைய கணவர். மலாயாவில், கிள்ளான் ஆஸ்பத்திரியில் டிரசராக, அதாவது டாக்டருக்குக் கையாளாக இருந்தார். நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கிராணி, அதாவது குமாஸ்தா. சம்பளத்திலும் சரி, உயரத்திலும் சரி, இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒரு நோயாளித் துரையைக் கப்பலில் சீமைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை அவருக்குக் கிடைக்கும் வரை நாங்கள் அண்ணன் தம்பி மாதிரிதான் இருந்தோம். அந்தக் கப்பல் வெனிஸ் நகரத்தில் ஒரு நாள் நின்றது. அதோடு எங்கள் உறவும் நின்றது.

மனிதர் லண்டன் வரை போய்வந்தவர். லண்டனைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். வாயைத் திறந்தால் வெனிஸ்தான். காப்பி கொடுத்தால், "நல்லாத்தான் இருக்கு. ஆனா வெனிஸ்ல குடிச்சேன் பாருங்க தம்பி, அது காப்பி" என்பார். கோயில் கோபுரத்தைக் காட்டினால், "வெனிஸ்ல ஒரு மணிக்கூண்டு இருக்கு..." என்று ஆரம்பிப்பார். ஒரு வருடம் கிள்ளான் ஆறு பெருகி எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்துவிட்டது. நான் அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மேஜைமேல் நிற்கிறேன். உதவி செய்ய வந்த சகலை வாசலில் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி, தெருவையும் என்னையும் ரசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வெனிஸ்ல தினமும் இப்படித்தான் தம்பி. படகுதான் குறையுது."

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தப் புகைப்படத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. கிள்ளான் வீட்டு முன்னறையில், சாமி படங்களுக்குப் பக்கத்தில் (சற்று மேலே என்றுகூடச் சொல்லலாம்) அது தொங்கியது. வெனிஸின் பெரிய சதுக்கம். நடுவில் என் சகலை. தொப்பியில் ஒரு புறா, இரண்டு கைகளிலும் புறாக்கள், காலடியில் கூட்டம் கூட்டமாகப் புறாக்கள். முகத்தில் உலகத்தை ஆளுகிறவனின் புன்னகை. வருகிறவர்களெல்லாம் அதன் முன்னால் நின்று, "ஆகா" என்பார்கள். என் மனைவியும் சொல்வாள். அவள் அப்படிச் சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, ஒரு புறாகூட உட்காராத மனிதனைப் பார்க்கிற பார்வை அது.

இந்த நிலையில்தான் எனக்கும் விடிந்தது. எங்கள் எஞ்சினியர் துரையின் தாயார் மகனைப் பார்க்க மலாயா வந்த இடத்தில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். கிழவியை ஊருக்கு அனுப்ப வேண்டும். மகள் வெனிஸ் வரை வந்து அழைத்துக்கொள்வாள். அதுவரை பெட்டிகளையும் டிக்கெட்டுகளையும் சக்கர நாற்காலியையும் பார்த்துக்கொள்ள இங்கிலீஷ் தெரிந்த, சாதுவான ஆள் தேவை. துரை என்னைக் கூப்பிட்டு, "வைத்தியலிங்கம், வெனிஸ் வரை போவாயா?" என்று கேட்டார்.

அவர் 'வெ' சொல்லும்போதே நான் தலையாட்டிவிட்டேன்.

புறப்படுகிற அன்று சகலை போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்துக்கு வழியனுப்ப வந்தார். "முதல் தடவை போறீங்க. புறாவுக்குச் சோளம் வாங்கிப் போடுங்க. ஆனா எல்லாருகிட்டயும் வராது. அதுக்கு ஒரு முகராசி வேணும்" என்று தோளைத் தட்டினார். தையல்நாயகி என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.

"இங்க பாருங்க, அத்தான் புறாவோட நின்னாரு. நீங்க அதைவிட ஒசத்தியா ஏதாவதோட நின்னு படம் எடுத்துட்டு வாங்க. இல்லேன்னா இனிமே என்னை அக்கா வீட்டுக்குக் கூப்பிடாதீங்க."

"ஒசத்தியான்னா, எதோட நிக்கிறது?"

"எனக்கென்ன தெரியும்? அங்க ராசா இருந்தா ராசாவோட நில்லுங்க."

கடல் பயணத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நான் பெரும்பாலும் கப்பலின் கைப்பிடியோரத்தில் குனிந்தபடியே இருந்தேன். ஒரு காலை நேரத்தில் வெனிஸ் வந்தது. கிழவியை மகளிடம் பத்திரமாக ஒப்படைத்தேன். ஊர் திரும்பும் கப்பல் மறுநாள்தான். "நாள் முழுக்க உனக்கு. நன்றாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் எங்கள் ஓட்டலுக்கு வந்து சொல்லிவிட்டுப் போ" என்றார் கிழவி.

அன்று காலை என்னிடம் இருந்தது ஒரு முழு நகரம், அதைப் பார்க்க ஒரு முழு நாள். வேறு யாராயிருந்தாலும் பார்த்திருப்பார்கள். நானோ நேரே சதுக்கத்துக்கு ஓடினேன். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, புதுச் சப்பாத்து, தலையில் தொப்பி. அங்கே பொன்னும் பளிங்குமாக ஒரு பெரிய மாதா கோயில் பல கும்மட்டங்களோடு நின்றது. எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். 'எங்கள் கோலாலம்பூர் ரயில் நிலையத்திலும்தான் கும்மட்டம் இருக்கிறது. அதற்குக் கீழே ரயிலும் வரும்' என்று மனத்துக்குள் சொல்லி அந்தக் கோயிலை அதன் இடத்தில் வைத்தேன். (சகலை பார்த்து மெச்சிய எதையும் மெச்சுவதில்லை என்று கப்பலிலேயே முடிவு செய்திருந்தேன்.)

மெச்சாவிட்டாலும் புறா வேண்டுமே. சோளம் வாங்கினேன். கையை விரித்துக்கொண்டு நின்றேன். என் பக்கத்தில் ஒரு பருத்த வெள்ளைக்கார அம்மாள் நின்றிருந்தாள். அவள் கையில் ஒரு மணி சோளம்கூட இல்லை. ஆனாலும் சதுக்கத்துப் புறாக்களெல்லாம் அவள்மேல்தான் போய் உட்கார்ந்தன. தோளில், தலையில், கைப்பையில். என் பக்கம் ஒன்றும் வரவில்லை. அந்த அம்மாளைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. முன்பின் அறியாத ஒரு பெண்மேல் புறாவுக்காக வயிறு எரிந்த முதல் ரயில்வே கிராணி நானாகத்தான் இருப்பேன். பொறுக்க முடியாமல், வீட்டில் கோழியைக் கூப்பிடுகிற மாதிரி "பா... பா... பா..." என்று உரக்கக் கூப்பிட்டேன். அந்த அம்மாள்மேல் இருந்த புறாக்களும் பறந்துவிட்டன. அவள் என்னிடம் ஏதோ சொன்னாள். பாஷை புரியாததால் மரியாதையாகத் தொப்பியைத் தூக்கிவிட்டு நகர்ந்தேன்.

அப்போதுதான் மூன்று கால் பெட்டியும் கறுப்புத் துணியுமாக நின்ற ஒரு படக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நரைத்த மீசை. கொஞ்சம் இங்கிலீஷ் பேசினார்.

"புறா எல்லாரும் எடுக்கிறார்கள், சார். நீங்கள் கொண்டோலாவில் எடுங்கள்."

கொண்டோலா என்றால் அந்த ஊர் ஒல்லிப் படகு. கறுப்பாக, முனை வளைந்து, பாம்பு படமெடுத்த மாதிரி இருக்கும். சகலை படகில் ஏறியதாக ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்லாமல் விடுகிற ஆளா அவர்? ஆக, ஏறவே இல்லை! சந்தோஷத்தில் அந்தப் படக்காரரைக் கட்டிப்பிடித்திருப்பேன். நடுவில் பெட்டி இருந்துவிட்டது.

ஏற்பாடு இதுதான்: படக்காரர் ஒரு சின்னப் பாலத்தில் பெட்டியோடு நிற்பார். நான் படகில் வருவேன். பாலத்தை நெருங்கும்போது படம் எடுப்பார். படகோட்டி ஆஜானுபாகுவான ஆள். என்னைப் பட்டு மெத்தை போட்ட இருக்கையில் உட்கார வைத்து, துடுப்பைப் போட்டான். உட்கார்ந்திருந்தவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் உட்கார்ந்த மனிதனை யார் மதிப்பார்கள்? சகலை நின்றிருக்கிறார். நான் உட்கார்ந்திருந்தால், "தம்பிக்குக் கால் வலி போல" என்பார். பாலம் தெரிந்ததும் நான் எழுந்தேன். எழுந்தது மட்டுமல்ல. ஒரு காலைத் தூக்கிப் படகின் விளிம்பில் வைத்து, இடுப்பில் கை வைத்து, தாடையை நிமிர்த்தி, வெனிஸை வென்ற தளபதி மாதிரி நின்றேன்.

"செதுத்தோ! செதுத்தோ!" என்று பின்னாலிருந்து படகோட்டி கத்தினான்.

என் காதில் அது, "செத்துதோ? செத்துதோ?" என்று சுத்தத் தமிழாகவே விழுந்தது. (எது செத்தது என்று ஒரு கணம் தண்ணீரில்கூடத் தேடினேன்.) பாலத்தின்மேல் கூட்டம் கூடிவிட்டது. அவர்களும் கையை ஆட்டி ஆட்டி, "செதுத்தோ!" என்றார்கள். வாழ்த்துகிறார்கள் என்று நினைத்து, தொப்பியைக் கழற்றி வீசி நானும் பதில் சொன்னேன்:

"செதுத்தோ!"

அந்த நேரம் பார்த்து ஒரு மோட்டார் படகு குறுக்கே போனது. அலை வந்தது. படகு ஒரு பக்கம் போயிற்று, நான் இன்னொரு பக்கம் போனேன்.

தலை முதலில் போனது. உப்புத் தண்ணீர் மூக்கிலும் வாயிலும் ஏறியது. எனக்கு நீச்சல் தெரியாது. அந்த இருட்டுப் பச்சைத் தண்ணீருக்குள், செத்துவிடுவோம் என்று நிஜமாகவே பயந்தேன். தையல்நாயகியின் முகம் வந்தது. பிள்ளைகள் முகம் வந்தது. அதற்கும் பின்னால், துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம், "படகுல எப்படி உட்காரணும்னு நான் சொல்லியிருக்கணும்" என்று தலையாட்டுகிற சகலையின் முகம் வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் கையைக் காலை உதைத்து மேலே வந்தேன் என்று இன்றும் நம்புகிறேன். படகோட்டி என் கோட்டுக் காலரைப் பிடித்து, மீனைப் போடுகிற மாதிரி படகுக்குள் தூக்கிப் போட்டான். பாலத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

நல்ல மனுஷன். தன் வீட்டுக்கே அழைத்துப்போனான். அவன் மனைவி ஈரத்தைப் பிழிந்து காயப்போட்டு, அவனுடைய பழைய சட்டையையும் கால்சட்டையையும் கொடுத்து, சூடாக ஏதோ குடிக்க வைத்தாள். படக்காரரும் வந்து ஊர் விலாசத்தைக் குறித்துக்கொண்டு, "அற்புதமான படம், சார்!" என்று கையைக் குலுக்கினார். எது அற்புதம் என்று கேட்கிற தெம்பு எனக்கு இல்லை.

சாயங்காலம், இரண்டு வைத்தியலிங்கம் நுழையக்கூடிய அந்த உடுப்பில் ஓட்டலுக்குப் போனேன். கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வெனிஸைப் பார்த்தாயா?"

"மேலேயும் பார்த்தேன், கீழேயும் பார்த்தேன், மேடம்."

நடந்ததைச் சொன்னேன். "செதுத்தோ என்றால் உட்கார் என்று அர்த்தம்" என்று சொல்லிவிட்டு, முறிந்த கால் ஆடும்படி அந்த அம்மாள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஊருக்கு வந்ததும் படகு சவாரியைப் பிரமாதமாக வர்ணித்தேன். விழுந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டேன். "படம் எங்க?" என்றாள் தையல்நாயகி. "வெளிச்சம் பத்தல. விழலையாம்" என்றேன். (படம்தான் விழவில்லை என்று சொன்னேன்.)

சில மாதம் கழித்து எங்கள் கடைசிப் பெண்ணுக்குக் காதுகுத்து. கிள்ளானிலிருந்து சகலை குடும்பத்தோடு வந்திருந்தார். தபால்காரர் ஒரு பெரிய உறையைக் கொண்டுவந்தார். இத்தாலித் தபால்தலை. நான் பாய்வதற்குள் சகலை வாங்கிப் பிரித்துவிட்டார். பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இதுல நீங்க எங்க?"

படத்தில் அழகான பாலம் இருந்தது. படகு இருந்தது. தலையில் கைவைத்து அலறுகிற படகோட்டி இருந்தான். தண்ணீருக்கு மேலே இரண்டு உள்ளங்கால்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றில் சப்பாத்து, மற்றதில் வெறும் காலுறை.

தையல்நாயகி வாங்கி உற்றுப் பார்த்தாள். "இது இவருதான்" என்றாள் மெதுவாக. "இந்தக் காலுறைக் கிழிசலைத் தைச்சது நானு."

வீடே அதிர்ந்தது. காது குத்த வந்த ஆசாரி ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சகலை சிரித்துச் சிரித்துப் புரையேறி, நாகம்மாள் முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று. தையல்நாயகி அழுதாள். பிறகு சிரித்தாள். பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

ஆனால் அதற்கப்புறம் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அந்தப் படத்தைப் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வந்தார்கள். பாசார் கடைக்காரர்கள் வந்தார்கள். ரவாங்கிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் ரயிலேறி வந்து, "காலு படம் இருக்கிற வீடு இதானே அண்ணே?" என்று கேட்டார். தையல்நாயகியே சட்டம் போட்டு மாட்டி, வந்தவர்களுக்குக் காப்பியும் கொடுத்தாள். கிள்ளானில் புறாப் படத்தைப் பார்க்கப் போகிறவர்கள் குறைந்துபோனார்கள். போனவர்களும், "உங்க சகலை விழுந்தாராமே, அதைச் சொல்லுங்க" என்றார்களாம்.

அடுத்து வந்த ஒரு கல்யாணத்தில், பந்திக்குக் காத்திருந்த கூட்டத்தின் நடுவே சகலையின் குரல் கேட்டது.

"நானும்தான் வெனிஸ்ல தண்ணிக்குள்ள விழுந்தேன். சொல்லிக்கிட்டுத் திரியல, அவ்வளவுதான்."

எனக்குக் காது சூடாயிற்று. என் அவமானம் அது! மூக்கில் தண்ணீர் ஏறி நான் சம்பாதித்தது! அதை உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒருவர் தூக்கிக்கொண்டு போகிறாரே என்று எனக்குப் பழையபடி வயிறு எரிய ஆரம்பித்தது. நான் எழுவதற்குள் தையல்நாயகி அவர் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"அத்தான், நீங்க எப்ப விழுந்தீங்க? இத்தனை வருசமா புறாதானே சொன்னீங்க!"

"புறாவுக்கு அப்புறம் விழுந்தேன்மா."

"படம் இருக்கா?"

சகலை பந்திக்கு எழுந்துவிட்டார். அக்காளும் தங்கையும் தீபாவளி வரை பேசிக்கொள்ளவில்லை. இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாராவது தான் பட்ட கஷ்டத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால், சின்னக் குழந்தைகள்கூட, "படம் இருக்கா?" என்றுதான் கேட்கின்றன.

போன மாதம் சகலைக்குக் காய்ச்சல் என்று கிள்ளானுக்குப் போயிருந்தேன். இரண்டு பேருக்கும் வயதாகிவிட்டது. பெண்கள் உள்ளே போனதும், என்னை அருகே கூப்பிட்டார்.

"தம்பி... அந்தத் தண்ணி எப்படி இருந்துச்சு?"

பாவமாக இருந்தது. "உப்பு, அண்ணே" என்றேன். "மேலாக்க ஒரு எண்ணெய் நாத்தம். கண்ணைத் திறந்தா ஒரே பச்சை."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மெல்லத் தலையை ஆட்டினார். நானும் மனம் இளகி, ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

காய்ச்சல் தெளிந்து மனிதர் எழுந்து வந்த முதல் கல்யாணத்தில், சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவர் பக்கத்து இலைக்காரரிடம் சொல்வது தெளிவாகக் கேட்டது:

"தண்ணியா அது? ஒரே உப்பு. மேலாக்க எண்ணெய் நாத்தம் வேற. கண்ணைத் திறந்து பாத்தேன் பாருங்க... பச்சைப் பசேல்னு!"