சனியைப் படம் பிடித்த பக்கிள் அண்ணாச்சி

பல ஊர்களில் பலரிடம் வசவு வாங்கியிருக்கிறேன். ஆனால் மூச்சு விடாதே என்று எனக்கு உத்தரவு போட்ட ஒரே மனிதர் மும்பை தாராவி பக்கிள் அண்ணாச்சிதான்.

பெல்ட் பட்டறையில் பக்கிள் மாட்டுவது அவர் வேலை. மூன்றாம் மாடியில் அவருடைய அறையில்தான் நானும் தங்கியிருந்தேன். குர்லாவில் பழைய சாமான் கடையில் ஒரு டெலஸ்கோப் வாங்கி வந்து மொட்டை மாடியில் நிறுத்தினார். பார்த்தால் போதாதா? படமும் எடுக்க வேண்டுமாம். கல்யாண வீட்டில் எடுக்கிற சாதாரண டிஜிட்டல் கேமராவை, டெலஸ்கோப்பில் கண் வைக்கிற இடத்தில் வைத்து, தோல் வார் சுற்றி, பக்கிள் போட்டு இறுக்கினார். விரலால் அழுத்தினால் ஆடும் என்று பத்து விநாடி டைமர். அந்தப் பத்து விநாடியும் மொட்டை மாடிக்குப் போகும் இரும்பு ஏணியில் யாரும் கால் வைக்கக் கூடாது. வைத்தால் கட்டடமே ஆடும்.

"எலே, அசையாத! டைமர் ஓடுது!"

"தும்மல் வருது அண்ணாச்சி!"

"முழுங்குல!"

தும்மலை முழுங்க முடியுமா? என்ன நியாயம் இது?

நிலாவோடு நிறுத்தியிருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். சனியைப் பிடிக்கக் கிளம்பினார். சேதி சந்து முழுக்கப் பரவியது. வீட்டுக்கார அக்காவின் மிக்ஸி புகைந்தது. கீழ்வீட்டுக்காரர் சயானில் ரயிலைத் தவறவிட்டார். எல்லாம் அண்ணாச்சி இழுத்துவந்த சனி என்றார்கள்.

அக்கா மேலேறி வந்து கத்தினார்: "கோயில்லயே சனிக்கு நேரா நின்னு கும்பிட மாட்டோம். நீங்க குழாய வச்சுப் பாக்கியளே! நாளைக்குள்ள எறக்கணும். இல்லன்னா ரெண்டு பேரும் ரூம காலி பண்ணுங்க."

ரெண்டு பேருமா? நான் என்ன பாவம் செய்தேன்? அந்த அறை கிடைக்கும்வரை பிளாட்பாரத்தில் படுத்தவன் நான்.

"வித்துருங்க அண்ணாச்சி."

"வளையத்தப் பாத்தா அக்காவுக்குப் பயம் போயிரும்ல. இன்னைக்கு ஒருநாள் பொறு."

இருட்டியதும் தொடங்கினார். எடுத்த படத்திலெல்லாம் சனி வெந்த சோற்றுப் பருக்கையாகத்தான் விழுந்தது. கேமராவில் வெளிச்சத்தைக் குறைத்தார். சனி நகர்ந்துவிடுகிறது என்று ஓரத்தில் வைத்து, டைமர் முடியும்போது நடுவுக்கு வரும்படி கணக்குப் பண்ணினார். நான் ஏணியடியில் நின்று, "சல், ஹட்!" என்று இந்தியில் திட்டு வாங்கிக்கொண்டே ஆட்களை மறித்தேன். கடைசியில் காயப்போட்ட துணியை எடுக்க அக்காவே வந்தார்.

"வழிய விடுல!"

"பத்தே செகண்டு அக்கா! காலப் புடிக்கேன்!"

நான் நிஜமாகவே காலைப் பிடித்ததில் திகைத்து நின்றுவிட்டார். மேலே கேமரா கிளிக்கென்றது.

அண்ணாச்சி கேமராவோடு இறங்கி ஓடிவந்தார். அக்கா முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டு, ஒரு கண்ணால் பார்த்தார். மங்கலான ஒரு பாசிமணி, இரண்டு பக்கமும் வளையம்.

"இதுவா சனி? மொட்ட போட்டு காது குத்துன புள்ள மாதிரில்லா இருக்கு!"

சனிக்கிழமை மட்டும் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அறை தப்பியது.

பிரிண்ட் போட்டு எனக்கும் ஒன்று தந்தார். அதன்பின் நான்கு ஊர் மாறிவிட்டேன். படம் என்னிடம்தான் இருக்கிறது. பின்பக்கம் கோணல் எழுத்தில், 'எடுத்தது: நானும் தம்பியும்' என்று எழுதியிருக்கிறார். அந்தக் கேமராவை நான் தொட்டதுகூட இல்லை.